நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களை முப்பத்தைந்து வருஷமாக வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்ட காமராஜ், அந்தக் கோட்டை மேல் ஒருமுறைகூட ஏறியதில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். டிக்கெட் கொடுக்கிற இடம் வரைக்கும் அவனுக்கு அத்துப்படி. எந்த மரத்தடியில் எத்தனை மணிக்கு நிழல் விழும், எந்தக் குரங்கு வைப்பரைப் பிடுங்கும் என்றெல்லாம் சொல்வான். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், "பீரங்கி இருக்குதுன்னு சொல்றாங்க" என்பான்.

அவன் இவன் என்று எழுதுவதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஐம்பத்தெட்டு. மரியாதை போட்டு எழுதினால் அவனே சிரிப்பான். திருவண்ணாமலை ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். பெயர் பஷீர் அகமது, ஊருக்குள் பேட்டரி பாய். என் கடைக்கு எதிரில்தான் வண்டி ஸ்டாண்டு. ஓட்டம் இல்லாத நேரத்தில் காமராஜ் என் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பான்.

அவனுடைய மனைவி வசந்தா போன ஆவணியில் இறந்துபோனார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்த அம்மா புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஓர் இடத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து, சேர்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அது நடக்கவில்லை. பிளேன் ஏறி வெளிநாட்டுக்கே போயும் நடக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

காமராஜ் வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவன். அவன் அப்பா ஒரு பெரிய வீட்டுக்காரரின் நிலக்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்தார். கூலி வாங்குகிற நாளில் அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார். கூப்பிடும் வரை நிற்பார். கூப்பிடாவிட்டால் மறுநாள் வந்து நிற்பார். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன காமராஜும் கூடவே நின்றிருக்கிறான். "அந்த வூட்டு கேட்டு பச்ச பெயின்ட்டு பாய். உள்ள இன்னா கலருன்னு தெரியாது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராகப் போனான், ஸ்டீயரிங் பிடித்தான், இருபத்து மூன்று வயதில் ஒரு ரைஸ் மில் முதலாளிக்கு அம்பாசடர் ஓட்டப் போனான். அந்தக் குடும்பத்தை முதன்முதலாக மகாபலிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, எல்லாரும் கோயில் பார்க்கப் போய்விட்டார்கள். இவனும் வண்டியைப் பூட்டிவிட்டு, கடலைத்தான் பார்த்ததில்லையே என்று கால் மணி நேரம் கரைக்குப் போய் நின்றான். திரும்பி வந்தால் முதலாளி குடும்பம் வெயிலில் வண்டி பக்கத்தில் நிற்கிறது. அடிக்கவில்லை, திட்டவுமில்லை. முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ இன்னா டூரா வந்த?" கூட இருந்த குழந்தைகள் சிரித்தார்கள்.

அந்தக் கேள்வி அவனை விடவேயில்லை. அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை விட்டு இருபது அடி தள்ளிப் போகமாட்டான். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கன்னியாகுமரி என்று அவன் போகாத ஊர் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. ஊட்டி எப்படி என்று கேட்டால், "பார்க்கிங் மேடு பாய். ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பக் கூடாது, கல்லு வெக்கணும்" என்பான். சொந்தமாக வண்டி வாங்கி, அவனே முதலாளி ஆன பிறகும் அப்படித்தான். கதவைத் திறந்துவிடுவான், மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பான். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்." எல்லாருக்கும் இதே வசனம்.

கல்யாணமான புதிதில் மேல்மலையனூருக்குக் குடும்பத்தோடு போனார்கள். முதலாளி அன்றைக்குக் கார் கொடுத்திருந்தார். புதுப்பெண் வசந்தா மாமியாரோடு வரிசையில் நிற்க, புதுமாப்பிள்ளை கார் பக்கத்தில் நின்றான். அம்மன் சன்னதியில் பூசாரி, புருஷன் எங்கே என்று கேட்டாராம். வசந்தா இதை என் மனைவி கமர் ஜஹானிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் சிரித்துத்தான் சொல்வார்.

நான் மட்டும் யோக்கியமா? என் மகள் ரிஹானாவின் கல்யாணம் முடிந்து நாங்கள் எல்லோரும் ஏற்காடு போனது காமராஜ் வண்டியில்தான். ஏரியைச் சுற்றினோம், படகில் போனோம். அவனைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வந்து, "சாப்டியா?" என்று கேட்டேன். அதற்கே அவன் சந்தோஷப்பட்டான். ஊருக்கு வந்து, "வண்டிக்குக் காவல்தெய்வம்டா நீ" என்று கேலி வேறு.

காமராஜுக்கு ஒரே மகள், மஞ்சு. நர்சிங் படித்தாள், நன்றாகப் படித்தாள், இங்கிலாந்தில் லிவர்பூலில் வேலை கிடைத்தது. மாப்பிள்ளை செந்தமிழன், திண்டிவனத்துப் பையன், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம் மே மாதம் அப்பா அம்மா இருவருக்கும் விசா எடுத்து டிக்கெட் அனுப்பினாள். லிவர்பூலிலிருந்து பக்கத்து நாடான வேல்ஸுக்கு நான்கு நாள் காரிலேயே சுற்றுவது என்று ஏற்பாடு. மலை, ஏரி, பழைய ஊர்கள், கோட்டைகள். அந்த ஊரில் கோட்டைக்குப் பஞ்சமே இல்லையாம்.

கிளம்புவதற்கு முதல் நாள் வசந்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனுஷி. அன்றைக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "இந்த வாட்டி தப்பிக்க முடியாது அண்ணே. மாப்ள வண்டி, மாப்ளதான் ஓட்டப்போறாரு. இவுருக்கு அங்க லைசென்சும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எறங்கி என்கூட நடந்துதான் ஆவணும்" என்றார். காமராஜ் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

பெட்டியில் அவன் எடுத்து வைத்தது நான்கு சட்டை, ஊறுகாய், மஞ்சள் துணி. நான்தான் பார்த்தேன். அதை எடுத்து வெளியே போட்டிருக்க வேண்டும்.

அந்தப் பயணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று பேர் சொல்லித்தான். காமராஜ் கொஞ்சம் சொன்னான், வசந்தா என் மனைவியிடம் படம் படமாகக் காட்டிச் சொன்னார், மிச்சத்தை மஞ்சு பின்னாளில் அழுதுகொண்டே சொன்னாள்.

காரில் முன்சீட்டில் காமராஜ், பின்னால் தாயும் மகளும். முப்பத்தைந்து வருஷத்தில் முதன்முறையாகக் கையில் ஸ்டீயரிங் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். வலதுகால் மட்டும் சும்மா இருக்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தானாம். "இங்கயும் நம்மள மாதிரி லெஃப்ட்லதான் போறாங்க, நல்லவேள" என்றான். ஹாரன் சத்தமே கேட்கவில்லை என்று ஆச்சரியப்பட்டான். ஊர் தாண்டியதும் ரோடு ஒடுங்கி ஒற்றை வண்டிப் பாதையானது. இரண்டு பக்கமும் இடுப்பளவு கருங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பச்சையாகச் சரிவு, சரிவு முழுக்கக் குட்டியும் தாயுமாக ஆடுகள். எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போய் ஒதுங்கி வழி விடுகிறார். வழி வாங்கியவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். காமராஜும் முன்சீட்டிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் கையைத் தூக்கினான். "மாப்ள, கியர எறக்கிக்க, மேடு வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். செந்தமிழன் நல்ல பையன், "சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

முதல் ஊர் கான்வி. ஆற்றங்கரையில் எட்டுக் கோபுரம் வைத்த கோட்டை, ஊரைச் சுற்றி மதில், மதில் மேலேயே நடந்துபோகலாம். காரை நிறுத்தினார்கள். மஞ்சு நான்கு டிக்கெட் எடுக்கப் போனாள். வசந்தா இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால், காமராஜ் மஞ்சள் துணியால் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னாயா, வா."

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

"இங்க யாரும் எடுக்க மாட்டாங்க நைனா" என்றாள் மஞ்சு.

"தெரியும்மா. சும்மாதான் நிக்கறேன். கால் வலிக்குது. நீங்க போங்க."

வசந்தாவுக்கு முகம் வாடிவிட்டது. முதல் நாளாயிற்றே, பிளேன் களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, அந்தப் பார்க்கிங்கைக் கவனித்துக்கொள்கிற வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் காமராஜோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவன் காரைத் துடைப்பதைப் பார்த்து, இது உங்கள் குடும்பமா, நீங்கள் உள்ளே போகவில்லையா என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் பாதி இவனுக்குப் புரிந்தது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "டிரைவர்" என்றான். வண்டியைத் தொட்டுக் காட்டி மறுபடியும், "டிரைவர்" என்றான்.

அது வசந்தாவின் காதில் விழுந்துவிட்டது. காரில் ஏறி ரொம்ப தூரம் போன பிறகுதான் பேசினார். "அந்தப் பொண்ணப் பெத்தவன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?" காமராஜ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மஞ்சு இதைச் சொல்லும்போது, "அன்னிக்கே நான் காரத் திருப்பி இருக்கணும் அங்கிள். நைனாவ கையப் புடிச்சி உள்ள இட்டுனு போயிருக்கணும்" என்று சொல்லி அழுதாள். சின்னப் பிள்ளை, அவள் என்ன செய்வாள்.

இரண்டாம் நாள் கார்னார்வன். கடலை ஒட்டிய கோட்டை. அங்கேயும் அதே கதை. "அப்ப நானும் இங்கயே உன்கூட உக்காந்துனு இருக்கேன்" என்று வசந்தா காருக்குள் ஏறி உட்கார்ந்தார். காமராஜ் விடவில்லை. "டிக்கெட் எடுத்துட்டாங்க. வீணாப் போவும். போ, போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு." மூன்றாம் நாள் மலை நடுவே ஏரி. ஏரிக்கரையில் நடக்க இவனைக் கூப்பிட்டார்கள். இவன் அன்றைக்கு டயரில் காற்று குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்றான். வசந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீரில் மலை தெரிந்தது என்று மட்டும் சொன்னார்.

அவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டி மேல் பிரியம் இல்லாதவனும் இல்லை. ஊருக்கு வந்ததும் எனக்கு அவனை அடித்துக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது, வாயால் மட்டும் கேட்டேன். "எறங்கி நிக்கற வரைக்கும் போவணும்னுதான் இருக்குது பாய். எல்லாரும் கெளம்பி நாலு அடி வெச்ச ஒடனே, நீ இன்னா டூரா வந்தன்னு கேக்குது" என்றான். யார் கேட்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த முதலாளி செத்தே பதினைந்து வருஷம் ஆகிறது.

கடைசி நாள் காலை, அவர்கள் தங்கியிருந்த பண்ணை வீட்டில், சாப்பாட்டு மேசையில் வைத்து வசந்தா அவனிடம் வாக்கு வாங்கினார். "இன்னிக்கு ஒரு எடம்தான் இருக்குது. சாயந்தரம் வூடு. இன்னிக்கு உள்ள வரணும். வர்றேன்னு சொல்லு."

"வர்றேன்."

"பொண்ணு மேல கை வெச்சிச் சொல்லு."

மஞ்சுவின் தலையில் கை வைத்துச் சொன்னான்.

ஹார்லெக் என்கிற ஊர். பாறை மேல் கோட்டை, கீழே கடல். மேலே ஏறிப் போகிற ரோடு அவ்வளவு செங்குத்து, பார்க்கிங்கும் சரிவில்தான். நால்வரும் இறங்கி நடந்தார்கள். காமராஜும் வந்தான். வசந்தா அவன் பக்கத்திலேயே நடந்தார். மேடு ஏறும்போது வசந்தாவுக்கு மூச்சு வாங்கியது. நின்று நின்று நடந்தார். உடம்பு கனம், பழக்கமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள், நர்ஸான மகள்கூட அப்படித்தான் நினைத்தாள். கோட்டை வாசலுக்குப் போகிற பாலம் வந்தது. பாலத்தில் இரண்டு அடி வைத்த காமராஜ் நின்றுவிட்டான்.

"வண்டி சரிவுல நிக்குது. கல்லு வெக்கல."

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் மாமா. கியர்லயும் இருக்குது."

"அது போதாது மாப்ள. அஞ்சே நிமிஷம். நீங்க உள்ள போங்க, நான் கல்ல வெச்சிட்டு வந்துர்றேன்."

"வந்துருவ இல்ல?" என்று வசந்தா கேட்டார்.

"வந்துர்றேன், போ."

அந்தப் பார்க்கிங்கில் கல் இல்லை. சுத்தமாகப் பெருக்கி வைத்த ஊர், கல் எங்கே கிடைக்கும்? மேலே ஒரு சந்துக்குள் போய், வயல் சுவர் ஓரத்தில் விழுந்து கிடந்த ஒன்றைத் தூக்கி வந்தான். அது பெரிதாக இருந்தது, டயருக்கு அடியில் போகவில்லை. மறுபடி போய் இன்னொன்று கொண்டுவந்து வைத்தான். இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அப்போதாவது போயிருக்கலாம். போனான் என்றுதான் சொல்கிறான், பாலம் வரைக்கும். டிக்கெட் மஞ்சுவிடம் இருந்தது. வாசலில் நிற்கிற ஆள் இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது? கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றான். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வண்டிக்கே வந்துவிட்டான்.

உள்ளே மதில் மேல், கடலைப் பார்த்த மாதிரி உட்காரத் தோதாக ஒரு கல் இருந்ததாம். வசந்தா அங்கே உட்கார்ந்தார். "நீங்க போய் மத்ததப் பாருங்க. நான் இங்கயே இருக்கேன். உங்க நைனா வந்தாத் தேடுவாரு" என்று மகளையும் மருமகனையும் அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல் தன் பக்கத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு வைத்தார். யாராவது வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று. குளிர்காற்றில் புடவையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மஞ்சு தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. வசந்தா கடலைப் பார்க்கவில்லை, படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இறங்கி வந்தார்கள். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து காமராஜ் தயாராக நின்றான். வசந்தா டயருக்கு அடியில் இருந்த கல்லைப் பார்த்தார்.

"கல்லு கெடச்சுதா?"

"கெடச்சுது."

அவ்வளவுதான். காரில் ஏறி லிவர்பூலுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பச்சை மலையும் ஆடும் வந்துகொண்டே இருந்தன, யாரும் பார்க்கவில்லை என்று மஞ்சு சொன்னாள்.

ஜூன் கடைசியில் செஞ்சிக்குத் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து வசந்தா என் கடைக்கு வந்து, காமராஜ் இருக்கும்போதே என்னிடம் சொன்னார். "கடல் தாண்டிப் போய் ஆவல. இங்க நம்ம செஞ்சியில இருக்கற ராஜாகோட்டைக்காவது ஏறலாம்னு சொல்லுங்க அண்ணே. மெதுவா ஏறுவேன். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி." காமராஜ் உடனே தலையை ஆட்டினான். போகலாம், ஆனால் ஆடி மாசம் மேல்மலையனூர் ஓட்டம் நிறைய இருக்குது, ஆவணி பொறக்கட்டும் என்றான். நானும், "ஆமாமா, வெயிலும் கொறையட்டும்" என்று ஒத்து ஊதினேன். என் வாயில் மண்.

ஆவணி பிறந்து ஒன்பதாம் நாள், காலை பத்து மணி. வசந்தாவுக்கு நெஞ்சு வலி என்று காமராஜ் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டான். கமர் ஜஹானும் நானும் ஏறினோம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்து ஊசி போட்டு, விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வர கால் மணி ஆகும் என்றார்கள். "நம்ம வண்டியிலயே போயிரலாம்" என்றான். அவனைப் போல ஓட்ட யாராலும் முடியாது. குழியில் ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை. வசந்தா என் மனைவியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார், நினைவு இருந்தது.

வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. வசந்தாவை உள்ளே கொண்டுபோனார்கள், நாங்கள் கூட ஓடினோம். பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றதால், காவலாளி காமராஜை வண்டியை எடுத்து ஓரமாக விடச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. காமராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே டாக்டர்கள் சுற்றி நின்று என்னென்னவோ செய்தார்கள். நடுவில் வசந்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அவுரு எங்க அண்ணே?"

"வண்டிய ஓரமா உட்டுட்டு வர்றான்மா. இதோ வந்துருவான்."

வசந்தாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மேல்மலையனூர் கதையைச் சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு. "வரமாட்டாரு அண்ணே. வண்டியப் பாத்துனு இருப்பாரு."

நான் வெளியே ஓடினேன். ஆஸ்பத்திரி மதிலோரம், வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது. பின் சக்கரத்துக்கு அடியில் கல். கதவைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான், முகமெல்லாம் கண்ணீர். "வாடா" என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு பாய்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அதற்கப்புறம்தான் நடந்தான். நாங்கள் அந்த வார்டு வாசலுக்குப் போனபோது கமர் ஜஹான் வெளியே வந்துவிட்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மஞ்சு வந்தாள், காரியங்கள் முடிந்தன, லீவு முடிந்து திரும்பிப் போனாள். காமராஜ் வண்டியை எடுக்கவே இல்லை. என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவான், சாயங்காலம் எழுந்து போவான். அவனை அடித்த கை எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு வண்டியோடு வந்தான். பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்து எழுந்தேன். "வேல இருக்குதா பாய்? கோட்ட வரைக்கும் வர்றியா?" என்றான். கடையை விட்டுவிட்டு ஏறினேன். கோட்டை வாசலில், வழக்கமாக நிறுத்துகிற நிழலில் வண்டியை நிறுத்தினான். இறங்கினான். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் சாவியை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கையில் வசந்தாவின் ஸ்வெட்டர் இருந்தது.

"வண்டியக் கொஞ்சம் பாத்துக்கறியா?"

"நானும் வரேன்டா."

"வேணாம் பாய்."

டிக்கெட் எடுத்தான். ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனான். மதில் வாசலில் அவன் முதுகு திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வண்டியோடு நின்றேன். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். குரங்கு வந்தது, விரட்டினேன். பெரம்பலூர் வண்டி ஒன்று வந்து நின்றது, ஒரு குடும்பம் இறங்கிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனது. போகிறபோது ஒருவர் என்னைப் பார்த்து, "டிரைவர், இங்க தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். நான் டிரைவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் கையைக் காட்டினேன். ஏற்காட்டில் அவன் நாள் முழுக்க இப்படி நின்றிருக்கிறான். நான் படகில் போயிருக்கிறேன். நின்றுகொண்டே அழுதேன். யாரும் கவனிக்கவில்லை. வண்டி பக்கத்தில் நிற்கிறவனை யார் பார்க்கிறார்கள்?

ஒரு மணிக்கு மேல் இறங்கி வந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், முழுசாகக் குடித்தான். வண்டியில் ஏறவில்லை, கதவில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்தான்.

"மேல இன்னாடா இருக்குது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கடலு மாதிரி வயலு தெரியுது. செவுரு ஓரமா உக்கார்ற மாதிரி ஒரு கல்லு இருக்குது. ரெண்டு பேரு உக்காரலாம்." ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே சொன்னான். "பக்கத்துல இதப் போட்டு வெச்சிட்டு ஒரு மணி நேரம் உக்காந்துனு இருந்தேன் பாய். படிக்கட்டையே பாத்துனு இருந்தேன். யாரும் வரல."